கைக்கும் கதவுக்கும் நடுவில் ஒருத்தி

நான் செய்த கணினி விளையாட்டைத் தங்கை நாற்பது நிமிடம் விளையாடிவிட்டு மவுஸைக் கீழே வைத்தாள். “நன்றாக இருக்கிறது, அண்ணா. ஆனால் இதை ஏன் ஆர்.பி.ஜி. என்று சொல்கிறாய்? ஒளிந்து ஓடுகிற விளையாட்டு இது. நடுநடுவே எண் ஏறுகிறது, அவ்வளவுதானே?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் என் விளையாட்டைப் பாகம் பாகமாகக் கழற்றினேன். சிலவற்றைத் தூக்கி எறிந்தேன், சிலவற்றைப் புதிதாகச் செய்து மாட்டினேன். எது உடைந்தது, எதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம் ஒன்றைச் சொந்தமாகச் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதனால் சில மாலைகள் மிச்சமாகும்.

விளையாட்டு சிறியதுதான். ஒரு கோட்டை, 14 அறைகள், பூட்டிய கதவுகள் 9, மனிதர்கள் 6 பேர். விடிவதற்குள் ஒரு கடிதத்தை மேல்மாடத்தில் இருக்கும் தளபதியிடம் சேர்க்க வேண்டிய தூதுப்பெண்தான் நாயகி. காவலர்களுக்குப் போக்குக் காட்டலாம், அடித்து வீழ்த்தலாம், பேசிச் சமாளிக்கலாம். வீழ்த்தினால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல், லெவல் ஏறினால் அடியில் பலம். பொருட்களைப் போட்டுக்கொள்ள 24 கட்டங்கள் கொண்ட ஒரு பை. கை, கண், வாய், கால் என்று நான்கு திறன்கள்; ஆரம்பத்தில் கிடைக்கும் புள்ளிகளை அவற்றுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆர்.பி.ஜி. என்ற பெயரில் வருகிற விளையாட்டுகளில் நான் பார்த்த உறுப்புகள் எல்லாமே இதிலும் இருந்தன.

தவறு அங்கேதான் இருந்தது. உறுப்புகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் செய்து மாட்டினால் உயிர் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி ஒரு பட்டியலுக்கு முன்மாதிரியும் உண்டு. 1980-இல் வந்த ரோக் என்ற விளையாட்டின் வழியில் வந்தவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று 2008-இல் பெர்லினில் கூடிப் பேசி ஒரு பட்டியல் தயாரித்தார்கள். இறந்தால் மறுபடி முதலிலிருந்து, நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக, நடமாட்டம் கட்டம் கட்டமாக என்று போகும் அது. ஆனால் அதிலேயே, ஒன்றிரண்டு அம்சங்கள் இல்லாவிட்டாலும் ஒரு விளையாட்டு அந்த வகையில் சேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். உறுப்புகளை எண்ணிப் பார்ப்பது அடையாளம் காண உதவும், செய்வதற்கு உதவாது.

சுவிட்ச் பலகை

ஓடாத இயந்திரத்தை என்ன செய்வோமோ அதையே செய்தேன். லெவல், அனுபவப் புள்ளி, பை, சண்டை, உரையாடல், நான்கு திறன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து ஓர் அமைப்புக் கோப்பு எழுதினேன். எதை வேண்டுமானாலும் அணைத்துவிட்டு அதே கோட்டைக்குள் நுழையலாம். விளையாட மூன்று பேரை உட்காரவைத்தேன். தங்கை ஒருத்தி. சுடுகிற விளையாட்டுகளிலேயே ஊறிய நண்பன் ஒருவன். அவன் விரல்கள் பறக்கும். மூன்றாமவர் என்னுடன் வேலை செய்யும் மூத்தவர். சதுரங்கத்தில் புலி, ஆனால் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டுமென்றால் திணறிவிடுவார். இந்த மூவர் அமைந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் லெவலை அணைத்தேன். மூவரில் ஒருவர்கூட அது இல்லாததைக் கவனிக்கவில்லை. ஆறு வாரம் உழைத்துச் செய்த பாகம் அது. ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். முதல் லெவலில் நாயகியின் ஓர் அடி 20. காவலரின் உயிர்ப்புள்ளி 100. ஐந்து அடியில் விழுவார். ஒவ்வொரு லெவலுக்கும் அடியின் பலத்தை 10 சதவீதம் கூட்டியிருந்தேன். விளையாட்டு சப்பென்று போய்விடக்கூடாது என்று காவலரின் உயிர்ப்புள்ளியையும் அதே 10 சதவீதம் கூட்டியிருந்தேன். பத்தாவது லெவலில் அடி 47.16, காவலர் 235.8. அப்போதும் ஐந்து அடிதான். ஏணியில் ஏறுகிறவளோடு சேர்ந்து சுவரும் வளர்ந்துகொண்டே இருந்தது.

பெரிய விளையாட்டுகளும் இந்தக் குழியில் கால் வைத்திருக்கின்றன. 2006-இல் வந்த ஆப்ளிவியனில் நாயகன் வளர வளர உலகமும் கூடவே வளரும். சாதாரண வழிப்பறிக்காரன்கூட ஒரு கட்டத்தில் அரிய கவசம் பூண்டு வந்து நிற்பான். அன்றைக்கே அதைப் பற்றிப் பலர் குறைப்பட்டார்கள். நான் சரிசெய்த விதம் எளிது. காவலர்களின் எண்களை ஆணியடித்து நிறுத்தினேன். வாயிற்காவலர் எப்போதும் 100, தளபதியின் மெய்க்காப்பாளர் எப்போதும் 400. தொடக்கத்தில் மெய்க்காப்பாளரை வீழ்த்த இருபது அடி வேண்டும். அதற்குள் நம் கதை முடிந்துவிடும். பத்தாவது லெவலில் ஒன்பது அடி. இப்போது வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் தங்கையின் கேள்வி அப்படியே நின்றது. எண் ஏறுவதை மட்டும் வைத்து ஒன்றை ஆர்.பி.ஜி. என்று சொல்ல முடியாது. 2007-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4-இல், பலர் சேர்ந்து மோதும் பகுதியில், புள்ளியும் உண்டு, லெவலும் உண்டு, லெவல் ஏறினால் புதிய துப்பாக்கியும் கிடைக்கும். அதை யாரும் ஆர்.பி.ஜி. என்று சொல்வதில்லை.

அடுத்து அனுபவப் புள்ளி. இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மூத்தவர் ஒரு காவலரிடம் நயமாகப் பேசி வழி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பத்து அடி போனவர் திரும்பிவந்து, அதே காவலரைப் பின்னாலிருந்து தாக்கினார். ஏன் என்று கேட்டேன். “புள்ளி கிடைக்கிறதே” என்றார். குற்றம் அவர்மேல் இல்லை. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அந்த வேலைதான் நடக்கும். மேசையில் காகிதமும் பகடையும் வைத்து ஆடும், இந்த வகையின் மூலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974-இல் வெளியானபோது, அனுபவப் புள்ளியின் பெரும்பகுதி நிலவறையிலிருந்து மீட்டுவரும் பொன்னுக்குத்தான் கிடைத்தது: ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. ஆகவே அரக்கனோடு மோதாமல் பொன்னை எடுத்துக்கொண்டு நழுவுகிறவனே கெட்டிக்காரன். 2000-இல் வந்த டியூஸ் எக்ஸிலும் எதிரியைக் கொன்றதற்குத் திறன் புள்ளி கிடையாது. போக வேண்டிய இடத்துக்குப் போனதற்கும் மூலைமுடுக்கைத் தேடிக் கண்டதற்கும்தான். நானும் மாற்றினேன். ஒரு கதவைக் கடந்தால் புள்ளி. எந்த வழியில் கடந்தாலும் அதே புள்ளி. அன்றிலிருந்து மூத்தவரின் கோட்டையில் காவலர்கள் உயிரோடு இருந்தார்கள்.

பூட்டு

உண்மையான விடை பூட்டில் இருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பூட்டுத் திறப்பதற்கு நான் ஒரு சின்ன விளையாட்டைச் செய்து வைத்திருந்தேன். திரையில் பூட்டின் துளை பெரிதாகத் தெரியும். மவுஸை அசைத்து ஊசியைத் திருப்ப வேண்டும். சரியான இடத்துக்கு வரும்போது ஊசி லேசாக நடுங்கும், கிளிக்கென்று ஒலி வரும். அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடி தாமதித்தால் ஊசி ஒடிந்துவிடும். கை என்ற திறன் ஒன்றிலிருந்து ஐந்து வரை இருந்தது. அது கூடினால் அந்த இடைவெளி ஒரு மயிரிழை அகலமாகும். மிகவும் பிடித்துச் செய்த பாகம். அந்தக் கிளிக் ஒலிக்காகவே வீட்டிலிருந்த பூட்டுகளை எல்லாம் பதிவுசெய்தேன்.

நண்பன் கைக்கு 1 மட்டும் கொடுத்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியைக் காலில் போட்டான். ஒன்பது கதவுகளையும் ஊசி ஒடியாமல் திறந்தான். மூத்தவர் நேர்மாறு. பூட்டில் கைதேர்ந்த ஒருத்தி வேண்டும் என்று கைக்கு 5 கொடுத்தார். முதல் கதவிலேயே பதினோரு ஊசி ஒடிந்தது. பன்னிரண்டாவதை எடுக்காமல் சாய்ந்து உட்கார்ந்து, திரையைக் காட்டிச் சொன்னார்: “இவளுக்குத் திறக்கத் தெரியும், தம்பி. எனக்குத்தான் தெரியவில்லை.”

அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அதுவரை யார் எங்கே தோற்றாலும் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்திருந்தேன். பின்னோக்கிப் புரட்டினால், “நான் செத்துவிட்டேன்”, “என் கை நழுவிவிட்டது”, “நான் அவனைப் பார்க்கவில்லை” என்று எல்லாமே ‘நான்’. தூதுப்பெண் என்று ஒருத்தி அங்கே இருப்பதாகவே யாரும் பேசவில்லை. அவள் மவுஸின் முனை, அவ்வளவுதான். மூத்தவர் வாயில்தான் முதல் முறையாக அவள் தனி ஆளாக வந்தாள். அதுவும் அவருடைய விரல்கள் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்ட பிறகு.

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம் கதைகளில் வரும். பாய்ந்தவர் புதிய கூட்டின் பலத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை, ஊனத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். அறிவு பழையது, உடல் புதியது. என் விளையாட்டில் யாரும் பாயவே இல்லை. எல்லோரும் தங்கள் உடலோடேயே கோட்டைக்குள் வந்திருந்தார்கள்.

இந்த வகை பிறந்த இடத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. கேரி கைகாக்ஸ் பங்களித்து 1971-இல் வந்த செயின்மெயில் சிறு பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதில் ஆடுகிறவர் படைத்தலைவர். ஒரு பொம்மை பல வீரர்களுக்குச் சமம். டேவ் ஆர்னெசனும் கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அது சுருங்கியது: ஒருவருக்கு ஓர் ஆள். அந்த ஆளின் பலமும் புத்தியும் பகடை உருட்டி எழுதப்பட்டு ஒரு காகிதத்தில் இருக்கும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் பெரிய மல்லராக இருந்தாலும், காகிதத்தில் பலம் 6 என்றிருந்தால் கதவு அசையாது. என்ன செய்வது என்ற முடிவு ஆடுகிறவருடையது. அது முடியுமா என்பது காகிதத்தில் இருப்பவருடையது. இந்தப் பிரிவினைதான் ஆர்.பி.ஜி. என்று நான் இப்போது நம்புகிறேன். மற்ற உறுப்புகள் எல்லாம் இதைத் தாங்க வந்தவை.

ஆகவே ஊசி விளையாட்டைக் கழற்றினேன். பதிலுக்கு இரண்டு பகடைகள். விழுந்த எண்களோடு கைத்திறனைக் கூட்டினால் 10 வர வேண்டும். கை 1 என்றால் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36-இல் 10 வழிகள், சுமார் 28 சதவீதம். கை 3 என்றால் 58 சதவீதம். கை 5 என்றால் 83. இருபது முகப் பகடை ஒன்றை வைத்திருந்தால் ஒவ்வொரு திறன் புள்ளிக்கும் ஒரே மாதிரி 5 சதவீதம்தான் கூடும். இரண்டு பகடையில் அப்படி இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 17 சதவீதம் கூடுகிறது, நான்கிலிருந்து ஐந்துக்குப் போனால் 11 மட்டுமே. தெரியாதவள் கொஞ்சம் கற்றுக்கொள்வதுதான் பெரிய தாவல். வாழ்க்கையிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு இது பிடித்திருந்தது.

உடனே அடுத்த சிக்கல். நண்பன் கதவு திறக்கும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். 28 சதவீத வாய்ப்பை ஐந்து முறை முயன்றால், ஒரு முறையாவது திறக்கும் வாய்ப்பு 80 சதவீதம். அதாவது, ஐந்து முறை அழுத்தப் பொறுமை இருந்தால் கை 1-க்கும் கை 5-க்கும் வித்தியாசமே இல்லை. மறுபடியும் விளையாடுகிறவரின் விரல், நாயகியின் விரலை ஒதுக்கிவிட்டது.

ஒரு கதவுக்கு ஒரே முயற்சி என்று விதித்தேன். தோற்றதும் சேமிப்புக் கோப்பைத் திறந்து பழைய இடத்துக்குப் போய்விட்டான். சரி, பகடை இயந்திரத்தின், அதாவது தற்செயல்போல எண்களை உருட்டித் தரும் நிரலின், நிலையையும் கோப்பில் சேமித்துவிட்டால், எத்தனை முறை திரும்பி வந்தாலும் அதே எண்தான் விழும் என்று கணக்கிட்டேன். விழவில்லை. ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் வேறு எண்கள் விழுந்தன.

இந்தப் பிழையில் இரண்டு இரவு போயிற்று. பகடை இயந்திரத்தின் நிலை 64 பிட் முழு எண். சில நேரம் 19, 20 இலக்கம் வரை போகும். நான் அதை ஜேசான் என்ற எழுத்து வடிவக் கோப்பில் எண்ணாகவே எழுதியிருந்தேன். திரும்பப் படிக்கும்போது அது மிதவைப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்டிங் பாயிண்ட்) மாறுகிறது. அந்த வகை எண், 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான், அதாவது ஏறக்குறைய 9,007 லட்சம் கோடி வரைதான், முழு எண்களைப் பிசகில்லாமல் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். சேமித்த எண்ணையும் திறந்த எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பார்த்தபோது கடைசி நான்கு இலக்கங்கள் வேறாக இருந்தன. பகடைக்கு அது போதும், முற்றிலும் வேறு வரிசையில் போய்விடும். எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகச் சேமித்தேன், சரியாகிவிட்டது. பகடையைச் சேமிக்கிற எவரும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஆனாலும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. நண்பன் கோப்பைத் திறந்து, கதவைத் தொடுவதற்கு முன் எங்காவது ஒரு பகடையை வீணாக உருட்டினால், வரிசை ஒரு படி நகர்ந்து கதவுக்கு வேறு எண் விழுந்தது. கடைசியில் பொதுப் பகடையையே விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு கதவுக்கும் தனிப் பகடை. ஆட்டம் தொடங்கும்போது ஒரு விதை எண் பிறக்கிறது. அதையும் கதவின் பெயரையும் சேர்த்துக் கலக்கி அந்தக் கதவுக்கான இரண்டு பகடைகளும் அப்போதே தீர்மானமாகிவிடுகின்றன. மூன்றாம் கதவில் 4-உம் 3-உம் என்றால், அந்த ஆட்டம் முழுக்க 4-உம் 3-உம்தான். கை 1 என்றால் மொத்தம் 8. திறக்காது. ஆயிரம் முறை திரும்பி வந்தாலும் திறக்காது. கை 3 ஆனால் திறக்கும். கதவு மாறாது, மாற வேண்டியது ஆள். 2019-இல் வந்த டிஸ்கோ எலீசியத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு முறை உண்டு. அதில் வெள்ளை நிறச் சோதனையில் தோற்றால், உரிய திறனை வளர்த்துக்கொண்டு மறுபடி முயலலாம். சிவப்பு நிறச் சோதனை ஒரே ஒரு முறை.

பகடையைத் திரையில் காட்டுவதா மறைப்பதா என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். 83 சதவீதம் என்று போட்டு, திறக்காவிட்டால் மனிதர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். ஃபயர் எம்ப்ளம் வரிசையின் சில விளையாட்டுகள் இதற்காகவே இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கின்றன. திரையில் 90 என்று காட்டும்போது உண்மை வாய்ப்பு 98. நான் அந்த வழியில் போகவில்லை. கதவின் மேலேயே “4 + 3 + கை 1 = 8. வேண்டியது 10” என்று எழுதிவிட்டேன். குறைந்த இரண்டு யாருடையது என்பது படிக்கிறவருக்குத் தானே தெரிகிறது.

சண்டையிலும் இதே கொள்கையைப் புகுத்தி ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். வாள் எதிரியின் உடலுக்குள் புகுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பகடை படவில்லை என்கிறது. 2002-இன் மாரோவிண்டில் அப்படித்தான். அங்கே அதற்குப் பழகிக்கொண்டவர்கள் உண்டு. என் மூவரும் அதைப் பிழை என்றே எழுதிக்கொடுத்தார்கள். கண் பார்த்ததைப் பகடை மறுக்கக்கூடாது. அதனால் பகடை முதலில் விழுகிறது. படாது என்றால், காவலர் விலகிக்கொள்வதை வரைந்து காட்டுகிறேன். வில்லுக்கு டியூஸ் எக்ஸின் வழியை எடுத்துக்கொண்டேன்: திறன் குறைவாக இருந்தால் குறிவட்டம் விரிந்து நிற்கிறது, அசையாமல் நின்றால் மெல்லச் சுருங்குகிறது. குறி வைப்பது நான், கை நடுங்குவது அவள்.

வாய்

பூட்டில் கற்றதை உரையாடலுக்குக் கொண்டுபோனபோதுதான் வேலை பெருகியது. அதுவரை ஒவ்வொரு காவலருக்கும் மூன்று பதில்கள் எழுதியிருந்தேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் ஒரே வரியைச் சொல்லி ஒரே மாதிரி ஒதுங்குவார். விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்கிறார், ஆனால் யார் பேசினாலும் ஒன்றுதான். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இந்த வகையில் உலகம் செய்ய வேண்டிய வேலை அதுதான். எதிரில் நிற்பது யார் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும்.

1997-இல் வந்த ஃபால்அவுட்டில், அறிவு மிகக் குறைந்த ஒருவனை உருவாக்கினால் அவன் வாயில் முழு வாக்கியமே வராது; எதிரில் இருப்பவர்களும் அதற்கேற்பவே நடத்துவார்கள். எண் என்பது ஒரு குரலாக மாறுகிற இடம் அது. நான் வாயிற்காவலரை மட்டும் எடுத்துக்கொண்டு முயன்றேன். வாய் 1 உள்ளவள் “கடிதம். மேலே.” என்று மட்டும் சொல்கிறாள், அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துக் காத்திருக்கச் சொல்கிறார். வாய் 3 உள்ளவள் காரணம் சொல்கிறாள். வாய் 5 உள்ளவள் காரணமே சொல்வதில்லை. அவருடைய காவல் நேரம் எப்போது முடிகிறது என்று கேட்டு, அவரையே பேசவிடுகிறாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும். கண் 4 இருந்தால் அவர் ஒரு காலை ஊன்றாமல் நிற்பது தெரியும்; அதைப் பற்றி விசாரிக்கலாம். ஒரே காவலருக்கு 9 வரிகளாக இருந்தது 52 வரிகளானது. ஆறு பேருக்கும் இப்படி எழுதினால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.பி.ஜி. செய்வது ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்குப் படங்களோ சண்டையோ காரணமில்லை. ஒரே அறையை நான்கைந்து விதமான மனிதர்களுக்காக மறுபடி மறுபடி எழுத வேண்டியிருப்பதுதான்.

இதன் பிறகு சண்டையை முழுவதுமாக அணைத்துப் பார்த்தேன். மூவரும் கடைசிவரை விளையாடினார்கள்; ஆர்.பி.ஜி.யா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டிஸ்கோ எலீசியத்தில் வழக்கமான சண்டை என்று ஒன்று கிடையாது. இருப்பது 24 திறன்களும் இரண்டு பகடைகளும் பேச்சும்தான். 1999-இன் பிளேன்ஸ்கேப் டார்மெண்டிலும் பெரும்பாலான முடிச்சுகளைப் பேசியே அவிழ்க்கலாம். பையை அணைத்தபோதும் ஒன்றும் குடிமுழுகவில்லை. ஆனால் சண்டையையும் பையையும் மறுபடி போட்டுவிட்டு, கை, கண், வாய், கால் நான்கையும் அணைத்தபோது எல்லாம் சரிந்துவிட்டது. ஒன்பது கதவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆயின. நோட்டில் மறுபடி ‘நான்’ மட்டுமே.

1986-இன் த லெஜண்ட் ஆஃப் ஜெல்டாவை எங்கே வைப்பது என்ற பழைய சண்டையிலும் எனக்கு இப்போது ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இதயங்கள் கூடுகின்றன, வாள் மாறுகிறது, உலகம் பெரியது. ஆனால் வாளை எப்போது வீசுவது என்பதில் முழுக்க முழுக்க நம் கைதான் பேசுகிறது. அருமையான விளையாட்டு, ஆர்.பி.ஜி. இல்லை.

அதே 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட்தான் என் முடிவுக்குக் கடினமான சோதனை. விசார்ட்ரி, அல்டிமா ஆகிய இரண்டிலிருந்தும் கற்றுக்கொண்டு யூஜி ஹொரீய் செய்தது. அதில் நாயகன் எப்படிப்பட்டவன் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான். பேச்சில் உலகத்தை வளைக்கவும் வழியில்லை. ஆனால் நம் விரலின் வேகத்துக்கும் அங்கே மதிப்பில்லை. நாயகனின் எண்கள்தான் அரக்கனின் முன் நிற்கின்றன. அவன் இன்னும் தயாராகவில்லை என்றால் எவ்வளவு சாமர்த்தியசாலியும் திரும்பித்தான் வர வேண்டும். பாலம் தாண்டி ஓர் அடி வைத்து, வலுத்த எதிரியைப் பார்த்து, நாயகனைத் திருப்பி அழைத்துவந்து வளர்த்திருக்கிறேன். அந்த உறவு உண்மையானது. ஆகவே என் கணக்கில் அது ஆர்.பி.ஜி.தான், உலகம் பாத்திரம் அறிந்து பதில் சொல்வது என்ற பாதி மட்டும் அதில் மெலிந்திருக்கிறது. அந்தப் பாதி இல்லாமல் ஆர்.பி.ஜி. இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. முடிவு ஆடுகிறவருடையது, முடியுமா என்பது பாத்திரத்துடையது என்ற முதல் பாதி இல்லாமல் ஆர்.பி.ஜி. இல்லை என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன்.

கடைசியாக ஆரம்பத் திரை. பத்துப் புள்ளிகளை நான்கு திறன்களுக்குப் பங்கிடச் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் 3, 3, 2, 2 என்று வைக்கிறார்கள். எதிலும் தேறாத, எதிலும் தோற்காத ஒருத்தி பிறக்கிறாள். அவளை நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 1985-இன் அல்டிமா 4 எண்களைக் கேட்காது. இரண்டு நல்ல குணங்கள் மோதிக்கொள்ளும் நிலைமையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்டு, பதில்களிலிருந்து ஆளைச் செய்யும். நானும் எண் திரையை எடுத்துவிட்டு ஐந்து கேள்விகள் வைத்தேன். அடைமழையில் பூட்டிய வீட்டின் முன் நிற்கிறாய். கதவைத் தட்டுவாயா, ஜன்னலைப் பார்ப்பாயா என்பதுபோல. ஒவ்வொரு பதிலும் ஒரு திறனைத் தூக்கி இன்னொன்றை இறக்கும். 3, 3, 2, 2 இனி பிறக்கவே முடியாது.

போன வாரம் தங்கையை மறுபடி உட்காரவைத்தேன். கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். வாய் 5, கண் 3, கை 1, கால் 1 என்று ஒருத்தி பிறந்தாள். கயல் என்று பெயர் வைத்தாள். முதல் நான்கு கதவுகளையும் பேசியே கடந்தாள். ஏழாம் கதவில் பூட்டு. பக்கத்துத் தாழ்வாரத்தில் ஒரு காவலர். கதவின் மேல் 2 + 5 + கை 1 = 8 என்று வந்தது. தங்கை எரிச்சலடையவில்லை, கோப்பைத் திறக்கவும் இல்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “இவளுக்குப் பூட்டு வராது, அண்ணா. இரு, நான் அந்தக் காவலரிடம் பேசிப் பார்க்கிறேன்.”

‘இவளுக்கு’ என்பதையும் ‘நான்’ என்பதையும் ஒரே மூச்சில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். அந்தக் காவலருக்கு நான் பழைய மூன்று பதில்களைத்தான் வைத்திருந்தேன். கயல் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் அவர் ஒரு வரி சொன்னார். தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். இன்று மாலை அவருக்காக எழுத உட்காருகிறேன்; வாய் 5-இலிருந்து தொடங்குகிறேன்.